கலங்கல் அடைபட்டால்?
காசநோயால் மூளையில் நீர் தேங்கும் கதை

ஆவடியை அடுத்த வெள்ளானூரிலிருந்து கிழக்கே சென்றால் புழல் ஏரி. தெற்கே சென்றால் பருத்திப்பட்டு ஏரி. இன்னும் தெற்கே போனால் செம்பரம்பாக்கம். ஏரிகளின் நடுவே வாழும் மக்களுக்குக் கலங்கல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஏரிக்கு நீர் வந்துகொண்டே இருக்கும். ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலங்கலின் மேல் வழிந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரியைத் தேடிப் போய்விடும். அந்தக் கலங்கலைச் சேறும் செடிகொடியும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வரத்து நிற்காது; போக்கு மட்டும் நின்றுவிடும். நீர்மட்டம் ஏறிக் கரையை நெருக்கும்.

மாணவர்களே, நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இத்தகைய நீர்நிலை ஒன்று உண்டு. அதற்கும் வரத்து உண்டு, போக்கு உண்டு, கலங்கல் உண்டு. காசநோய்க் கிருமி சில வேளைகளில், குறிப்பாகச் சிறு குழந்தைகளிடம், அந்தக் கலங்கலை அடைத்துவிடுகிறது. அப்போது தோன்றும் நிலையை மருத்துவர்கள் 'ஹைட்ரோசெபலஸ்' என்பர். கிரேக்க மொழியில் 'ஹைட்ரோ' என்றால் நீர். 'கெபலே' என்றால் தலை. நாம் இதை மூளை நீர்த்தேக்கம் என்று அழைப்போம்.

தலைக்குள் ஓடும் ஓடை

மூளை கெட்டியான ஓர் உருண்டை அன்று. அதன் உள்ளே ஒன்றோடொன்று தொடர்புள்ள நான்கு அறைகள் இருக்கின்றன. இவற்றின் சுவரில் கோராய்டு பின்னல் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்க் கொத்துகள் தொங்குகின்றன. இரத்தத்திலிருந்து தெளிந்த நீர் ஒன்றைச் சுரப்பது இவற்றின் முக்கிய வேலை. இதுவே மூளைத் தண்டுவட நீர்.

இந்த நீர் செல்லும் வழியைப் பார்ப்போம். இடமும் வலமுமாக உள்ள இரண்டு பெரிய அறைகளிலிருந்து இரு சிறு துளைகள் வழியாக மூன்றாம் அறைக்கு வருகிறது. அங்கிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு கால்வாய் வழியாக நான்காம் அறையை அடைகிறது. நான்காம் அறையில் மூன்று துளைகள் உண்டு. அவற்றின் வழியே வெளியேறி மூளையின் அடிப்பகுதியில் உள்ள குளம் போன்ற இடைவெளிகளில் பரவுகிறது. பிறகு மூளையின் மேற்பரப்பு முழுவதையும், கீழே தண்டுவடத்தையும் நனைத்துச் சுற்றிவருகிறது. கடைசியில் பெரும்பகுதி, உச்சந்தலைப் பக்கம் உள்ள நுண்ணிய மொட்டுகள் வழியாகச் சிரை இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

வளர்ந்த ஒருவரின் தலையிலும் தண்டுவடத்திலும் எந்த நேரத்திலும் இருக்கும் இந்நீர் சுமார் 150 மில்லி லிட்டர்; பெரிய தேநீர்க் குவளை ஒன்றின் அளவு. ஆனால் ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மில்லி லிட்டர். அப்படியானால் இந்நீர் நாள்தோறும் மூன்று முறைக்கு மேல் புதிதாக மாறுகிறது என்று கணக்கிடலாம். சுரக்கும் அளவுக்கு வடிந்துகொண்டே இருப்பதால்தான் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இந்த நீரால் என்ன பயன்? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்நீரில் மிதப்பதால், தன் அடித்தளத்தை அழுத்தும்போது ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள பொருளைப் போலவே இருக்கிறது. மூளையின் கழிவுகளை அகற்றுவதும், அதிர்ச்சியிலிருந்து காப்பதும் இந்நீரே.

கிருமி வந்து சேரும் வழி

காசநோய் நுரையீரலோடு நின்றுவிடும் நோய் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. இருமுபவரிடமிருந்து காற்றில் கலந்து வரும் கிருமி முதலில் நுரையீரலில்தான் தங்குகிறது. அங்கிருந்து இரத்தத்தோடு கலந்து உடலின் பல பகுதிகளுக்கும் செல்ல அதனால் முடியும். அப்படிச் சென்ற கிருமிகள் மூளையின் மேற்பரப்பிலோ அதைப் போர்த்தியுள்ள உறையிலோ சிறு கடுகுபோன்ற முடிச்சுகளை உண்டாக்கிவிட்டு அடங்கியிருக்கலாம். என்றாவது ஒரு நாள் அம்முடிச்சு உடைந்து, உள்ளிருக்கும் கிருமிகள் மூளைத் தண்டுவட நீரில் கொட்டிவிடுகின்றன. இவ்விளக்கத்தை 1933-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான ரிச், மெக்கார்டக் என்ற இருவர் வெளியிட்டனர். நீரில் விழுந்த கிருமிகளால் மூளையைச் சுற்றிய உறைகள் வீங்குகின்றன. இதுவே காசநோய் மூளையுறை அழற்சி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இது மிகுதியாகத் தாக்குகிறது.

மூளையுறை அழற்சியை உண்டாக்கும் வேறு பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆளைப் படுக்கவைத்துவிடும். காசநோய்க் கிருமியின் நடை வேறு. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று தக்க சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒரு முறை பிரிவதற்கே ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே நோயும் மெல்ல மெல்லவே தலைகாட்டுகிறது. முதல் ஓரிரு வாரங்களில் இலேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், எரிச்சல், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவையே தெரியும். இவை எந்தக் காய்ச்சலிலும் வரக்கூடியவை அல்லவா? இந்த நோயின் சூழ்ச்சியே இதுதான்.

அடைப்பு எங்கே?

அழற்சி ஏற்பட்ட இடத்தில் தடித்த, கூழ் போன்ற கசிவு ஒன்று படிகிறது. இது மூளையின் அடிப்பகுதியில்தான் அதிகமாகச் சேர்கிறது. நான்காம் அறையிலிருந்து வெளியேறும் நீர் முதலில் வந்து சேரும் குளங்களும் அங்கேதான் உள்ளன என்பதை மேலே கண்டோம். குளங்கள் கூழால் நிரம்பினால் நீர் மேற்பரப்புக்கு ஏற முடியாது. உச்சியிலுள்ள மொட்டுகளையும் எட்ட முடியாது. கலங்கலைத் தாண்டிய நீர் கால்வாயில் தடைபட்டு நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். இந்நோயில் பெரும்பாலும் காணப்படுவது இந்த வகைதான்.

இரண்டாம் வகையில் அடைப்பு மூளையின் உள்ளேயே ஏற்படுகிறது. குறுகிய கால்வாயோ நான்காம் அறையின் துளைகளோ அடைபடுகின்றன. இது கலங்கலிலேயே அடைப்பு விழுவதைப் போன்றது.

எந்த வகையானாலும் கோராய்டு பின்னலுக்கு இச்செய்தி எட்டுவதில்லை. அது தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கிறது. அறைகள் நீரால் ஊதிப் பெருக்கின்றன. மூளைத் திசு உள்ளிருந்து வெளிப்புறமாக, மண்டையோட்டை நோக்கி நெருக்கப்படுகிறது.

இங்கே வயது முக்கியமாகிறது. கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்திருக்கமாட்டா. ஆகவே நீர் பெருகும்போது தலை பெருக்கிறது. உச்சிக்குழி விம்மி நிற்கிறது. தாய்க்கும் செவிலியருக்கும் கண்ணால் பார்த்தே ஐயம் எழும். உங்களைப் போன்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் மண்டையோடு மூடிய பெட்டி. அது விரிந்து கொடுக்காது; அழுத்தம் மட்டுமே ஏறும். தலைவலி, வாந்தி, இரண்டு இரண்டாகத் தெரியும் பார்வை, மாறுகண், தூக்கக் கலக்கம் என்று அறிகுறிகள் தொடரும். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு நுழையும் இடம் வீங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம், நினைவும் தப்பிவிடும்.

நாடி பார்த்த மருத்துவர்

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் இராபர்ட் விட் என்ற மருத்துவர் இருந்தார். மூளையில் நீர் சேர்ந்து இறந்துபோன குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1768-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எக்ஸ்-கதிரோ இரத்தச் சோதனையோ இல்லாத காலம் அது. அவருடைய கருவிகள் கண்ணும் காதும் விரலும்தாம். நோயாளியின் நாடியைக் கொண்டே அவர் நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதற்கட்டத்தில் நாடி விரைந்து துடிக்கும். இரண்டாம் கட்டத்தில் மெதுவாகி ஒழுங்கு தப்பும். இறுதிக் கட்டத்தில் மறுபடியும் விரையும்.

இதன் பொருள் இன்று நமக்கு விளங்குகிறது. தொடக்கத்தில் நாடி விரைவது காய்ச்சலால். தலைக்குள் அழுத்தம் மிகும்போது இதயத்துடிப்பு குறைகிறது. இடைக்கட்டத்தில் விட் விரலால் உணர்ந்தது தேங்கிய நீரின் அழுத்தத்தையே எனலாம். அவர் பார்த்த குழந்தைகளில் பலருக்கு இருந்தது காசநோய் மூளையுறை அழற்சி என்பது பிற்கால மருத்துவர்களின் முடிவு. ஆனால் விட் நீரைக் கண்டாரே தவிர, நீருக்குப் பின்னால் இருந்த கிருமியைக் காணவில்லை. காண வழியும் இல்லை. இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை பெர்லினில் அறிவித்தது 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்றுதான்.

நீரை எடுத்துப் பார்த்தல்

1891-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே, இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். முதுகில் நீர் எடுத்தல் என்று நம் மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால் ஊசி அதைக் குத்திவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை.

காசநோயில் இந்நீரில் புரதம் கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், வெள்ளணுக்கள் பெருகியிருக்கும். குழாயில் அசையாமல் வைத்தால் சில வேளை சிலந்தி வலை போன்ற மெல்லிய உறைவு தோன்றும். கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் நுண்பெருக்கியில் பெரும்பாலும் சிக்குவதில்லை. இன்று கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனைகள் உதவுகின்றன. அவற்றிலும் 'இல்லை' என்று வந்தாலே நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆகவே முடிவு வரும்வரை காத்திராமல் ஐயத்தின் பேரிலேயே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவது உண்டு.

அறைகள் பெருத்திருப்பதைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். 1971-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் தலையைப் படம் பிடித்த இக்கருவி, நீர்த்தேக்கத்தைக் கண்ணால் காணச் செய்தது. ஊசி போடுமுன் இப்படம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடைப்பு மூளையின் உள்ளே இருக்கும்போது கீழே முதுகில் நீரை எடுத்தால், மேலே உள்ள அழுத்தம் மூளையைக் கீழ்நோக்கித் தள்ளிவிடக்கூடும்.

மருந்து வந்தது, ஆனால்…

1943-ஆம் ஆண்டுவரை இந்நோய் வந்தவர் பிழைப்பது அரிதினும் அரிது. அவ்வாண்டில் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. பின்னர் பைரசினமைடு, ரிஃபாம்பிசின் முதலியவையும் சேர்ந்தன. ஐசோனியாசிட்டும் பைரசினமைடும் இரத்தத்திலிருந்து மூளைத் தண்டுவட நீருக்குள் நன்றாக ஊடுருவுபவை.

காசநோய் சிகிச்சையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நுரையீரல் காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டாலும் சானடோரியத்தில் தங்கிப் பெறும் அளவுக்குப் பலன் கிடைக்கும் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது அந்த மையமே. மூளையுறை அழற்சி கண்ட 180 குழந்தைகளுக்கு அளித்த மூன்று வகைச் சிகிச்சைகளின் முடிவை அம்மையத்தினர் 1986-இல் வெளியிட்டனர். 100-க்கு 27 குழந்தைகள் இறந்தனர். 39 பேர் ஏதோ ஒரு நரம்புக் குறையோடு பிழைத்தனர். முழு நலம் பெற்றவர் 34 பேரே. நல்ல மருந்து கையில் இருந்தும் ஏன் இப்படி? நோய் முற்றிய நிலையில் வந்த குழந்தைகளே மிகுதியும் துன்புற்றனர். கிருமியைக் கொல்லும் மருந்து, அது ஏற்கனவே செய்துவிட்ட அடைப்பை உடனே கரைப்பதில்லை. நெருக்குண்டு மாய்ந்த மூளைத் திசுவை மீட்பதும் இல்லை.

அதனால் இன்று மருந்துகளோடு வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் முதல் சில வாரங்களுக்குத் தரப்படுகிறது. வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைக்கிறது என்று 2004-இல் காட்டியது. காசநோய் மாத்திரைகளோ ஓராண்டு அளவுக்குத் தொடரவேண்டியவை.

தந்தை செய்த வால்வு

தேங்கிய நீருக்குப் புதுக் கால்வாய் வெட்டினால் என்ன? அறையிலிருந்து குழாய் வைத்து நீரை வேறிடம் கொண்டுபோகலாம். இந்த எண்ணம் பழையது. ஆனால் நீர் ஒரே திசையில், அளவாக ஓடவேண்டுமே! அளவுக்கு மீறி வடிந்தாலும் ஆபத்து. திரும்பி வந்தாலும் ஆபத்து.

அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி இருந்தார். அவர் மகன் கேசி தண்டுவடக் குறையோடு பிறந்தான். அவனுடைய மூளையிலும் நீர் தேங்கியது. அது காசநோயால் வந்ததன்று. ஆனால் துன்பம் ஒன்றுதான். மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸிடமிருந்து சிக்கலைக் கேட்டறிந்த ஹோல்ட்டர், தம் பட்டறையிலேயே முயன்று, 1956-இல் சிலிகோன் என்ற பொருளால் பிளவு வைத்த சிறு வால்வு ஒன்றைச் செய்தார். அழுத்தம் குறிப்பிட்ட அளவை மீறினால் பிளவு திறக்கும்; குறைந்தால் மூடிக்கொள்ளும். மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வு காற்றை ஒரு திசையில் மட்டும் விடுவதுபோல, இது நீரை ஒரு திசையில் மட்டும் விடும்.

தொடக்கத்தில் இக்குழாய் நீரை இதயத்தை நோக்கிச் செல்லும் சிரையில் விட்டது. இப்போது பெரும்பாலும் தோலுக்கு அடியில் கழுத்து, மார்பு வழியாக வயிற்றறைக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்குள்ள சவ்வு நீரை உறிஞ்சி மீண்டும் இரத்தத்தில் சேர்த்துவிடும். குழந்தை வளருமே என்று, சற்று நீளமான குழாயையே வயிற்றுக்குள் விட்டுவைப்பர். இதை 'ஷன்ட்' என்பர். குழாய் அடைபடலாம், அதில் கிருமி தொற்றலாம், சிலருக்கு மறு அறுவை தேவைப்படலாம். அடைப்பு உள்ளே இருக்கும்போது, மூன்றாம் அறையின் தரையில் உள்நோக்கிக் கருவியால் ஒரு துளையிட்டு, குழாயே இல்லாமல் நீருக்கு வழி செய்யும் அறுவையும் உண்டு. எல்லோருக்கும் கத்தி தேவைப்படும் என்பதும் இல்லை. முதல் வகை அடைப்பில் பலருக்கு மருந்துகளாலேயே வழி திறந்துகொள்கிறது.

வேலூர் வகுத்த நான்கு படிகள்

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். காசநோயால் மூளையில் நீர் தேங்கி ஷன்ட் பொருத்தப்பட்ட 114 நோயாளிகளை அத்துறையினர் நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 1991-இல் வெளியிட்டனர். நோயாளிகளை வந்து சேர்ந்த நிலையைக் கொண்டு நான்கு படிகளாகப் பிரித்தனர்.

முதற்படி: காய்ச்சல், தலைவலி, வாந்தி உண்டு, நினைவு தெளிவாக உள்ளது, நரம்புக் குறை எதுவும் இல்லை.
இரண்டாம் படி: நினைவு தெளிவு, ஆனால் கை கால் தளர்ச்சி போன்ற நரம்புக் குறை தோன்றிவிட்டது.
மூன்றாம் படி: நினைவு மங்கிவிட்டது, எழுப்பினால் விழிக்கிறார்.
நான்காம் படி: ஆழ்ந்த மயக்கம்.

அந்த ஆய்வில், நாளடைவில் இறந்தவர்கள் முதற்படியில் 100-க்கு 20. இரண்டாம் படியில் சுமார் 35. மூன்றாம் படியில் சுமார் 52. நான்காம் படியில் 100. எல்லோருக்கும் பொருத்தியது அதே குழாய். அறுவை நடந்ததும் அதே மருத்துவமனையில். வேறுபாடு எங்கே? வந்து சேர்ந்த நாளில்தான். வேலூர்ப் படிநிலை என்ற பெயரில் இப்பாகுபாட்டை இன்று பல நாடுகளின் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர்.

தடுக்க முடியாதா?

பிறந்தவுடன் குழந்தையின் கையில் போடும் பி.சி.ஜி. ஊசியை நீங்கள் அறிவீர்கள். 1968 முதல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை நடந்தது. வெள்ளானூரும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்ற ஏமாற்றமான முடிவே அச்சோதனையில் கிடைத்தது. அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறோம்? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறு குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் இவ்வூசி பெருமளவு தடுப்பது தெரிந்தது. நம் தோளில் உள்ள சிறு தழும்பு மூளைக்குப் போட்ட வேலி எனலாம். வேலி முழுமையானதன்று. ஆகவே வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அங்குள்ள குழந்தைகளையும் மருத்துவரிடம் காட்டித் தடுப்பு மாத்திரை பெறவேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதற்படிக்கும் நான்காம் படிக்கும் இடையே இருப்பது சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் நோயாளியின் அருகில் இருப்பவர் அறுவை மருத்துவர் அல்லர்; தாய், தமக்கை, வகுப்பில் பக்கத்தில் அமரும் தோழன் ஆகியோரே. இரண்டு வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, தலைவலி தீரவில்லை, காலையில் வாந்தி எடுக்கிறான், எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான். இவற்றை யாரேனும் சேர்த்துப் பார்த்துச் சொல்லவேண்டும். இராபர்ட் விட் நாடியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மட்டுமே முடிந்தது. இன்று அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.